பழைய பாட்டு ஏன் ‘சரவுண்ட் சவுண்டில்’ வரமாட்டேங்குது? சிக்கல் தொழில்நுட்பத்தில் இல்லை!

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இருந்து கிளம்பும் பஸ்களில் எண்பதுகளின் பாட்டுக்கு இன்னமும் மவுசு குறையவில்லை. நாற்பது வருஷப் பழைய பாட்டை இருபது வயசுப் பையன் முணுமுணுத்துக்கொண்டு வருவதும் இங்கே சகஜம். ஆனால் அதே பையன் போனில் டால்பி அட்மாஸ் வசதி இருக்கிறது, காதில் அதற்கேற்ற இயர்போன் இருக்கிறது. போன வாரம் ரிலீஸான படத்தின் பாட்டு நாலா பக்கமும் சுற்றிச் சுழன்று கேட்கிறது. பழைய பாட்டுக்கு வந்தால் மட்டும் எல்லாச் சத்தமும் நடுமண்டையில் வந்து குவிந்துவிடுகிறது.

‘இவ்வளவு ரசிகர்கள் இருக்கிறார்களே, பழைய பாட்டையும் அட்மாஸில் மாற்றி விட்டால் என்ன?’ என்று தோன்றுவது நியாயம்தான். இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதும் அல்ல. எழுபதுகளின் ராக் இசை ஆல்பங்களுக்கும் உலகம் முழுக்க ரசிகர்கள் இதையேதான் கேட்கிறார்கள். அங்கே சில ஆல்பங்கள் சரவுண்டில் வந்துவிட்டன, பல வரவில்லை. மிக்ஸிங் முடிந்த பிறகும் பெட்டிக்குள் கிடந்தவை உண்டு.

ஏன் இப்படி? காரணம் ஒன்றல்ல, நான்கு. ஒலிநாடா, உரிமை, ஒப்புதல், பணம். இந்த நான்கும் ஒரே நேரத்தில் ஒரே மேஜைக்கு வந்தால்தான் வேலை நடக்கும். இதில் மூன்றைப் பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் நமக்காகக் காத்திருக்காது. அது எது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், சரவுண்ட் என்றால் என்ன?

மோனோ என்பது ஒரே தடம். எத்தனை ஸ்பீக்கர் வைத்தாலும் எல்லாவற்றிலும் ஒரே சத்தம்தான் வரும். ஸ்டீரியோ என்பது இடது, வலது என இரண்டு தடம். 5.1 என்பது முன்னால் மூன்று, பக்கவாட்டிலோ பின்னாலோ இரண்டு, அடிநாதத்துக்கு ஒன்று என ஆறு தடம். டால்பி அட்மாஸ் இதற்கு மேலே ஒரு படி. தலைக்கு மேலேயும் ஸ்பீக்கர் உண்டு. ஒரு புல்லாங்குழல் எந்த இடத்தில் ஒலிக்க வேண்டும், எங்கிருந்து எங்கே நகர வேண்டும் என்பதைத் தனியாகவே குறித்து வைக்கலாம்.

புல்லாங்குழலை நகர்த்த வேண்டுமென்றால் அது தனியாகப் பதிவாகி இருக்க வேண்டும். பாடகர் குரல் ஒரு தடத்தில், வயலின்கள் இன்னொன்றில், தபேலா வேறொன்றில் என்று பிரித்துப் பதிவு செய்யும் முறைக்கு ‘மல்டி டிராக்’ என்று பெயர். சரவுண்ட் மிக்ஸுக்கு இதுதான் மூலதனம். இது இல்லாமல் ஆரம்பிக்கவே முடியாது.

தீயலில் இருந்து தேங்காயை எடுக்க முடியுமா?

நம்ம ஊர் அடுக்களையில் இருந்தே உதாரணம் சொல்லலாம். வறுத்த தேங்காய், மல்லி, வத்தல், புளி எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில் இருக்கும்போது எதை எவ்வளவு சேர்ப்பது என்பது உங்கள் கையில். அரைத்துக் கரைத்துக் கொதிக்கவிட்டுத் தீயலாக இறக்கிய பிறகு, ‘தேங்காயை மட்டும் தனியா எடுத்துத் தாங்க’ என்றால் எப்படி எடுப்பது? மல்டி டிராக் என்பது கிண்ணங்கள். மோனோ என்பது கொதித்து இறங்கிய தீயல்.

சென்னை ஸ்டுடியோக்களில் பல்லாண்டு காலம் பாட்டுகள் பதிவான விதமே இந்தத் தீயல் முறைதான். பாடகர்கள், வாத்தியக்காரர்கள் எல்லாரும் ஒரே கூடத்தில் இருப்பார்கள். யார் மைக்குக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்பது என்பதில் இருந்தே ஒலி அளவைத் தீர்மானிப்பார்கள். ஒரே ஓட்டத்தில் முழுப் பாட்டும் ஓடும். ஒருத்தர் தப்பாக வாசித்தால் முதலில் இருந்து மறுபடியும். அந்த நொடியிலேயே மிக்ஸும் முடிந்துவிடும். அதாவது அந்தக் காலப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மல்டி டிராக் தொலைந்து போகவில்லை, அது பிறக்கவே இல்லை.

இதற்கு நாஞ்சில் நாட்டு உதாரணம் ஒழுகினசேரிக்காரரான கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். 1949இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் அவர் நடத்திய ‘கிந்தனார்’ காலட்சேபம் இன்றும் பேசப்படுகிறது. இந்தியச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் காப்புரிமை, அது வெளியான அடுத்த ஆண்டில் இருந்து 60 ஆண்டுகளுக்குத்தான். அந்தக் கணக்கில் 1949இல் வெளியான ஒலிப்பதிவின் உரிமைக் காலம் 2009 முடிவோடு முடிந்துவிட்டது. பாடல் எழுதிய உடுமலை நாராயணகவி 1981இல் மறைந்தார் என்பதால், வரிகளுக்கான உரிமை மட்டும் 2041 வரை தொடரும். ஆக, ஒலிப்பதிவைப் பொறுத்தவரை சட்டக் கதவு எப்போதோ திறந்தாயிற்று. ஆனால் உள்ளே போனால் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. படச்சுருளின் ஓரத்தில் பதிந்த ஒற்றைத் தடமும், பழைய இசைத்தட்டும்தான் மிச்சம். உரிமை கையில் வந்தாலும் மூலம் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

ஒரே வருஷம், இரண்டு படம்

மாற்றம் எழுபதுகளின் கடைசியில் தொடங்குகிறது. இளையராஜா இசையில் 1978இல் வந்த ‘ப்ரியா’ படப் பாடல்கள் ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்காகவே பேசப்பட்டன. 1986இல் ‘மாவீரன்’ தமிழின் முதல் 70 எம்.எம். படமாக, ஆறு தட ஸ்டீரியோபோனிக் ஒலியுடன் வந்தது. 1995இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோ ஒலியைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ‘கருப்பு ரோஜா’ டி.டி.எஸ். ஒலியுடன் வந்தது. 2012 டிசம்பரில் ‘சிவாஜி’யின் 3டி வடிவம் இந்தியாவின் முதல் டால்பி அட்மாஸ் படமாக வெளியானது.

பட்டியலைப் பார்த்தால் தமிழ் சினிமா எப்போதும் முன்வரிசையில்தான் இருந்திருக்கிறது. ஆனால் தியேட்டரில் புதுத் தொழில்நுட்பம் வந்ததும், எல்லாப் பாட்டையும் தனித்தனித் தடமாகப் பாதுகாத்து வைத்ததும் ஒன்றல்ல.

‘குருதிப்புனல்’ வந்த அதே 1995இல்தான் ‘பாட்ஷா’வும் வந்தது. 2017இல் ‘பாட்ஷா’வை டிஜிட்டலாக மெருகேற்றி மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுவந்தபோது, மோனோ ஒலியை 5.1க்கு மாற்ற வேண்டி இருந்தது. அதற்காகப் பின்னணி இசையை, பழைய இசைக்குறிப்புகளை மாற்றாமல், புதிதாக வாசித்துப் பதிவு செய்தார்கள். இருபது சொச்சம் வருஷ வயசிலேயே மறுபதிவு! அதுவும் தமிழ் சினிமாவின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்றுக்கு.

‘சிவாஜி’யோ 2007இல் வந்த படம். கம்ப்யூட்டரில் தடம் தடமாக வேலை நடக்கும் காலத்துப் படம். ஐந்தே வருஷத்தில் அது அட்மாஸுக்கு மாறியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ரசிகர் எண்ணிக்கையிலா இருக்கிறது? கையில் மூலப்பொருள் எந்த வடிவத்தில் இருந்தது என்பதில்தான் இருக்கிறது.

மிக்ஸ் ரெடி, ரிலீஸ் எப்போ?

சரி, டேப் பத்திரமாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வேலை முடிந்தபாடில்லை.

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘அனிமல்ஸ்’ 1977இல் வந்த ஆல்பம். அதன் புதிய ரீமிக்ஸை, 5.1 வடிவம் உட்பட, ஜேம்ஸ் கத்ரி 2018இலேயே செய்து முடித்துவிட்டார். டேப் இருந்தது, பொறியாளர் இருந்தார், வாங்க ஆளும் இருந்தது. ஆனால் ஆல்பம் கடைக்கு வந்தது 2022 செப்டம்பரில். நடுவில் என்ன நடந்தது? ஆல்பத்தோடு அச்சிட வேண்டிய சிறு குறிப்புக் கட்டுரை தொடர்பாகக் குழுவின் பழைய நண்பர்களான ரோஜர் வாட்டர்ஸ், டேவிட் கில்மர் இடையே ஒத்துப்போகவில்லை. 2021இல் வாட்டர்ஸ் இதை வெளிப்படையாகவே சொன்னார். கடைசியில் அந்தக் கட்டுரை இல்லாமலேயே ஆல்பம் வந்தது.

ஒலியில் ஒரு குறையும் சொல்லாமல், ஒரு கட்டுரைக்காக நான்கு வருஷம்! ஒப்புதல் என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு மனத்தாங்கல் அடங்கியிருக்கும் என்பதற்கு இது சாட்சி. ரிலீஸ் ஆகாத ரீமிக்ஸ்களுக்குப் பின்னால் பெரும்பாலும் மனுஷங்கதான் இருக்கிறார்கள்.

பாட்டு யாருடையது?

நம்ம ஊரில் இந்த ஒப்புதல் இன்னும் சிக்கலானது. ராக் ஆல்பத்தில் குழுவும் கம்பெனியும் பேசி முடித்தால் போதும். தமிழ்ப் பாட்டு பெரும்பாலும் சினிமாப் பாட்டு. அதில் படத் தயாரிப்பாளர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர், ஆடியோ கம்பெனி என்று வரிசையாக ஆட்கள் உண்டு. கேசட் காலத்தில் உரிமை வாங்கிய கம்பெனிகளில் சில கைமாறிவிட்டன. அன்றைய ஒப்பந்தங்கள் டிஜிட்டல் ஸ்ட்ரீமிங் என்ற ஒன்றைக் கற்பனைகூடச் செய்யவில்லை.

1977இல் உச்ச நீதிமன்றம், படத்துக்காக உருவான இசையின் உரிமை தயாரிப்பாளருக்கே என்ற நிலையை எடுத்தது. 2012இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத ராயல்டி உரிமை கிடைத்தது. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், இளையராஜாவுக்கு அவர் படைப்புகள் மீது சிறப்பு தார்மிக உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதோடு எல்லாம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. அவருடைய 536 ஆல்பங்கள் தொடர்பான இன்னொரு வழக்கு மும்பை உயர் நீதிமன்றத்தில் நடக்கிறது. அதைச் சென்னைக்கு மாற்றக் கேட்ட மனுவை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இங்கே யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. படைத்தவர் தன் உரிமையைக் கேட்பதில் தப்பும் இல்லை. ஆனால் சரவுண்ட் மிக்ஸ் செய்ய நினைக்கும் ஒரு கம்பெனியின் இடத்தில் இருந்து பாருங்கள். ரீமிக்ஸ் என்றால் படைப்பைத் தொட்டு மாற்றுவது. வயலினை எங்கே வைப்பது என்பதே ஒரு முடிவு. ‘என் படைப்பைச் சிதைத்துவிட்டார்கள், என் பெயர் கெடுகிறது’ என்று படைத்தவர் கருதினால், சட்டத்தின் 57ஆம் பிரிவில் அவர் நீதிமன்றம் போகலாம். கம்பெனி யோசிக்காமல் என்ன செய்யும்?

இன்னொரு விஷயம். உரிமை ஒருவரிடமும் டேப் இன்னொருவரிடமும் இருக்கலாம். இளையராஜா பல பத்தாண்டுகள் இசையமைத்த பிரசாத் ஸ்டுடியோவில் இருந்து வெளியேற நேர்ந்தபோது, தன் இசைக்குறிப்புகளையும் வாத்தியங்களையும் எடுத்துக்கொள்ள 2020இல் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இளையராஜாவுக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத இசையமைப்பாளர்களின் டேப்புகள் எந்த குடோனில் கிடக்கின்றனவோ!

யார் கேட்பார்கள், யார் காசு கொடுப்பார்கள்?

அடுத்தது பணம். பழைய டேப்பைத் தேடிப்பிடித்து, சுத்தம் செய்து, டிஜிட்டலாக்கி, மறுபடி மிக்ஸ் செய்ய நல்ல ஸ்டுடியோ வேண்டும், அனுபவமுள்ள ஆள் வேண்டும், நாட்கள் வேண்டும். அந்தச் செலவு திரும்ப வருமா?

சரலிசை கேட்க வந்த வடிவங்களின் வரலாறு நம்பிக்கை தருவதாக இல்லை என்பதே கம்பெனிகளின் பயம். எழுபதுகளில் ‘குவாட்ரபோனிக்’ என்ற நான்கு தட முறை வந்தது. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல வடிவங்களில் வந்து, வாங்குபவர்களைக் குழப்பி, சில வருஷத்தில் காணாமல் போனது. 2000 வாக்கில் சூப்பர் ஆடியோ சிடியும் டிவிடி ஆடியோவும் போட்டி போட்டன. இரண்டுமே வெகுஜனங்களைச் சென்று சேரவில்லை. வீட்டில் ஆறு ஸ்பீக்கர் மாட்டிப் பாட்டு கேட்பவர்கள் எந்த ஊரிலும் சிறு கூட்டம்தான்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2021 ஜூனில் ஆப்பிள் மியூசிக் தனது சேவையில் டால்பி அட்மாஸைக் கொண்டுவந்தது. சாதாரண இயர்போனிலேயே சுற்றிக் கேட்கும் அனுபவம் கிடைக்கிறது. 2024இல், அட்மாஸில் கிடைக்கும் பாடல்களுக்கு 10 சதவீதம் வரை கூடுதல் ராயல்டி என்றும் அறிவித்தது. இதனால் கம்பெனிகளுக்கு ஓர் ஊக்கம் வந்திருக்கிறது. ஆனால் இந்த ஊக்கம் முதலில் போய்ச் சேருவது தடங்கள் கையில் தயாராக இருக்கும் புதுப் பாட்டுகளுக்குத்தான். பழசுக்கு மறுபடியும் அதே கேள்விதான்: டேப் எங்கே?

ஏ.ஐ. வந்துவிட்டதே, அது போதாதா?

ஓரளவுக்குப் போதும். பீட்டில்ஸ் குழுவின் ‘ரிவால்வர்’ 1966இல் நான்கு தட டேப்பில் பதிவான ஆல்பம். ஒரே தடத்தில் டிரம்ஸும் கிட்டாரும் கலந்து கிடந்தன. பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய மென்பொருளை வைத்து அவற்றைப் பிரித்தெடுத்து, 2022இல் ஜைல்ஸ் மார்ட்டின் புதிதாக மிக்ஸ் செய்தார். கொதித்த தீயலில் இருந்து தேங்காயைப் பிரிக்கும் வித்தை கொஞ்சம் கைகூடியிருக்கிறது என்று சொல்லலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்களிடம் இருந்தது நான்கு தட மூல டேப். யூடியூபில் இருந்து இறக்கிய எம்.பி.3 அல்ல. மூலம் எவ்வளவு சுத்தமோ, பிரித்தெடுப்பதும் அவ்வளவு சுத்தம். தேய்ந்த கேசட்டில் இருந்து பிரித்தால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது மாதிரி இருக்கும். மிருதங்கத்தின் மீட்டு வயலினோடு ஒட்டிக்கொண்டு வரும்.

‘8டி ஆடியோ’ என்று இணையத்தில் சுற்றும் பாட்டுகள் இன்னும் ஒரு படி கீழே. சாதா ஸ்டீரியோவை இடமும் வலமுமாகச் சுற்றி விடுவதோடு சரி. கேட்க ஜாலியாக இருக்கலாம், தப்பில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு ‘பழைய பாட்டு காப்பாற்றப்பட்டுவிட்டது’ என்று நினைத்தால் அதுதான் ஆபத்து. கம்பெனிகளும் ஏ.ஐ. மூலம் பிரித்துச் செய்த மிக்ஸ் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மூல டேப்பில் இருந்து செய்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கேட்பவருக்குத் தெரிய வேண்டாமா?

காத்திருக்காத ஒன்று

இப்போது முதலில் சொன்ன நான்குக்கு வருவோம். உரிமை வழக்கு பத்து வருஷம் கழித்தும் தீரலாம். ஒப்புதல் தராத இரண்டு பேர் ஒருநாள் சமாதானம் ஆகலாம். சந்தை இன்று இல்லாவிட்டாலும் நாளை வரும். ஒலிநாடா மட்டும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது.

எழுபது, எண்பதுகளின் டேப்புகள் பலவற்றில், காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். அப்படியே ஓட்டினால் துகள் உரிந்து வரும், சத்தமும் அதோடு போகும். மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வாட்டி எடுத்தால் கொஞ்ச காலத்துக்கு உயிர் வரும், அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். அதற்கும் முந்தைய அசிடேட் நாடாக்கள் காடி வாடை அடித்து, சுருங்கி, நொறுங்கும். சென்னை கடலோர ஊர். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் வீட்டு அலமாரியில் கிடக்கும் கேசட்டுக்கு என்ன கதி என்று சொல்ல வேண்டியதில்லை.

பணக்கார நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2008இல் ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் ஏற்பட்ட தீயில் மூல ஒலிநாடாக்கள் எரிந்த கதை, 2019இல் நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகுதான் உலகத்துக்கு முழுதாகத் தெரிந்தது. நம்மூரில் தீ வேண்டாம், ஒழுகும் கூரை போதும்.

டேப்போடு சேர்ந்து மறையும் இன்னொன்று நினைவு. எந்தத் தடத்தில் என்ன இருக்கிறது, அந்த எதிரொலியை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் ஒலிப்பதிவாளர்களின் தலைக்குள் இருக்கும் செய்தி. ரஹ்மான் பாடல்களின் ஒலிக்குப் பின்னால் இருந்த எச்.ஸ்ரீதர் 2008இல் மறைந்தார். அவர் தலைமுறைக்கு முந்தையவர்களில் இன்று நம்மோடு இருப்பவர்களிடம் யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்திருக்கிறோமா?

என்ன செய்யணும்?

வழக்கு நடக்கட்டும், நாடா முதலில் பிழைக்கட்டும். இதுதான் நாம் வைக்கும் கோரிக்கை.

உரிமை யாருக்கு என்று முடிவாகும் வரை டேப்பைத் தொடக்கூடாது என்ற மனநிலை மாற வேண்டும். டிஜிட்டல் பிரதி எடுப்பது வேறு, வெளியிடுவது வேறு. ‘இந்தப் பிரதியால் யாருடைய உரிமையும் கூடாது, குறையாது’ என்று எல்லாத் தரப்பும் கையெழுத்துப் போட்டு, பிரதியைப் பொதுவான ஒரு காப்பகத்தில் பூட்டி வைக்கலாம். சொத்துத் தகராறு நடக்கிறது என்பதற்காக வீட்டுக் கூரையை ஒழுக விடுவோமா?

படச்சுருள்களைக் காக்க புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் இருக்கிறது. அதுபோல, திரைப்பாடல்களின் மூல ஒலிநாடாக்கள் யாரிடம் எவ்வளவு, என்ன நிலையில் இருக்கின்றன என்ற கணக்கெடுப்பையாவது தமிழக அரசும் திரைத்துறை அமைப்புகளும் தொடங்க வேண்டும். மிக்ஸ் செய்வதெல்லாம் அப்புறம். முதலில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் வேண்டும்.

இது சென்னைக்கு மட்டும் சொல்வதல்ல. வில்லிசை பிறந்து வளர்ந்த மண் இது. 1984இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் தொடங்கப்பட்டது நாகர்கோவிலில். கோயில் கொடை விழாக்களில் பதிவான வில்லுப்பாட்டு, தேவாலயப் பாடகர் குழுக்களின் கீர்த்தனைகள், உள்ளூர் நாடகங்கள் என எத்தனையோ குரல்கள் கேசட்டுகளிலும் ஸ்பூல்களிலும் இருக்கும். இவற்றுக்கு உலகச் சந்தை கிடையாது. அதனால் எந்தக் கம்பெனியும் தேடி வரப்போவதில்லை. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில் நிற்க வைத்து அடுக்குங்கள். பிசுபிசுப்போ காடி வாடையோ இருந்தால் டேப் ரெக்கார்டரில் போட்டுப் பார்க்காதீர்கள், தெரிந்தவரிடம் காட்டுங்கள். யார் பாடியது, எந்த ஊர், எந்த வருஷம் என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். பல வருஷம் கழித்து ஒருவர் அதைக் கையில் எடுக்கும்போது, ஒலிக்கு அடுத்தபடியாக அவருக்குத் தேவைப்படுவது அந்தச் சீட்டுதான்.